திறவாத புட்டிக்கு மரியாதை ஏது?

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் நகரத்தில் சதபீஸ் ஏல நிறுவனத்தார் நடத்திய விற்பனையொன்றில், பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பிரதேசத்தைச் சேர்ந்த ரொமானே-கொந்தி என்னும் தோட்டத்தில் 1945-ஆம் ஆண்டு விளைந்த திராட்சையிலிருந்து உண்டாக்கப்பட்ட சிவப்பு ஒயின் புட்டி ஒன்று 5,58,000 டாலருக்கு ஏலம் போயிற்று. முக்கால் லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் புட்டிதான் அது. ஏலத்தார் முன்கூட்டி மதித்திருந்த விலை 32,000 டாலர். வந்த விலையோ அதைப்போல் பதினேழு மடங்குக்கும் மேலே சென்றது. செய்தியைப் படித்தவர்களிற் பெரும்பாலோர் தொகையின் பருமனைக் கண்டு வியந்தார்கள். எனக்குள் எழுந்த கேள்வி வேறு. இவ்வளவு பணத்தைக் கொட்டி வாங்கியவர் அந்தப் புட்டியின் தக்கையை என்றைக்காவது எடுப்பாரா?

அந்த ஒயினின் சரித்திரத்தை அறிந்தால் இக்கேள்வியின் கனம் விளங்கும். ரொமானே-கொந்தித் தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1.8 ஹெக்டேர்; அதாவது நாலரை ஏக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளை வேரில் தாக்கி நாசமாக்கியபோது, மற்றத் தோட்டக்காரர்களெல்லாம் அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரின்மீது தங்கள் கொடியை ஒட்டுக்கட்டிப் பிழைத்துக்கொண்டார்கள். இத்தோட்டத்தாரோ மண்ணுக்குள் மருந்தைச் செலுத்திச் செலுத்தி, பழைய கொடிகளை அவற்றின் சொந்த வேரிலேயே இரண்டாம் உலக யுத்த காலம் வரையில் காப்பாற்றி வந்தார்கள். யுத்தத்தில் மருந்துக்குப் பஞ்சம் வந்தது, கொடிகள் தளர்ந்தன. 1945-இல் கிடைத்தது 600 புட்டி ஒயின்தான். அந்த அறுவடைக்குப் பின் பழைய கொடிகள் பிடுங்கப்பட்டு, புதியவை நடப்பட்டன. மறுபடியும் அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கி ஒயின் வெளிவந்தது 1952-ஆம் ஆண்டு விளைச்சலில்தான்.

இத்தனை அபூர்வமான வஸ்துவைத் திறந்து குடித்துத் தீர்த்துவிடுவது பாவமல்லவா, பொக்கிஷம்போல் போற்றிப் பாதுகாப்பதன்றோ நாகரிகம் என்று சிலர் வாதிக்கக்கூடும். என் அபிப்பிராயம் இதற்கு நேர்விரோதமானது. ஓவியமும் சிற்பமும் எத்தனை கண்கள் பார்த்தாலும் குறைவதில்லை. ஆகையால் அவற்றைக் காப்பதும் அனுபவிப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. ஒயினின் சுபாவம் அப்படிப்பட்டதன்று. அருந்தினால் அது ஒரே மாலையில் தீர்ந்துபோகிறது. அருந்தாமல் வைத்தாலோ யாருக்கும் பயன்படாமல் உள்ளுக்குள்ளேயே வாடிப்போகிறது. வீதிவலம் வருவதற்கென்று தச்சர்கள் பாடுபட்டுச் செய்த தேரை ஒருநாளும் வடம் பிடிக்காமல் கொட்டகையிலேயே நிறுத்தி, அதன் மரத்துக்கு என்ன விலை பெறும் என்று ஆண்டுதோறும் மதிப்பிட்டுக்கொண்டிருப்பவனைப் பக்திமான் என்று யாரும் சொல்லமாட்டார்கள்; அருமையான ஒயினை விலைக்காகவே பூட்டிவைப்பவனை ரசிகன் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

ஒயின் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நின்று பார்த்தால், அது காலத்தோடு பிணைக்கப்பட்ட பொருள் என்பது தெளிவாகும். கருந்திராட்சையின் சாற்றுக்குப் பெரும்பாலும் நிறமில்லை. நிறமெல்லாம் தோலில்தான் அடங்கியிருக்கிறது. நசுக்கிய பழத்தைத் தோலோடும் விதையோடும் தொட்டியில் ஊறவிட்டு, ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாக மாற்றும்வரை காத்திருக்கும்போது, தோலின் செந்நிறமும், தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்தும் மெல்ல மெல்லச் சாற்றில் இறங்குகின்றன. பிறகு அது ஓக் மரப் பீப்பாயில் அடைபட்டு, மரத்தின் மணத்தையும் மரத்தின் துவர்ப்பையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. போர்தோப் பிரதேசத்தில் வழக்கிலுள்ள பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். ஒரு பீப்பாயிலிருந்து 300 புட்டிகள் நிறையும். பலமாத காலம், சில சமயம் இரண்டு வருஷ காலம், பீப்பாயில் இருந்த பிறகே அது புட்டிக்குள் புகுகிறது.

புட்டிக்குள் புகுந்ததோடு அதன் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. இளமையில் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்புச் சத்து, நிறச் சத்தோடு கூடிக் கூடிப் பெரிய அணுத்திரள்களாகி, ஒரு பகுதி வண்டலாகப் படிந்துவிடுகிறது. அதனால் ஒயின் மென்மையடைகிறது. கத்தரிப்பூ நிறம் கலந்த சிவப்பு மாணிக்கச் சிவப்பாகி, கடைசியில் செங்கல்லின் சாயலை அடைகிறது. பச்சைப் பழத்தின் வாசனை அடங்கி, அதன் ஸ்தானத்தில் உலர்ந்த இலை, தோற்பை, காளான், புகையிலை ஆகியவற்றை நினைவூட்டும் பரிமளங்கள் எழுகின்றன. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியின் வேண்டுகோளின்பேரில் ஒயினை ஆராய்ந்து 1866-ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்ட லூயி பாஸ்டர், இம்மாறுதலில் காற்றிலுள்ள பிராணவாயுவுக்கு உள்ள பங்கைச் சோதனை செய்து காட்டினார். அளவோடு சேர்ந்தால் பக்குவப்படுத்தும் அந்த வாயுவே, அளவு மீறினால் ஒயினைக் கெடுத்தும் விடுகிறது.

ஆகவே ஒவ்வொரு நல்ல ஒயினுக்கும் ஓர் உச்சம் உண்டு. உச்சத்துக்குப் பின் இறக்கமும் உண்டு. உலகத்தில் விற்பனையாகும் ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை வாங்கிய சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்பட்டவை. வைத்திருப்பதால் அவற்றுக்கு நன்மை ஏதுமில்லை. போர்தோவின் போயாக்கிலோ, பர்கண்டியின் வோன்-ரொமானேயிலோ, இத்தாலியின் பரோலோவிலோ விளைந்து, இருபது முப்பது ஆண்டுகள் மேன்மேலும் சிறக்கும் ஆற்றல் பெற்றவை மிகச் சிலவே. அவற்றுக்கும் முடிவு உண்டு. மேசையில் பல ஆண்டுகளாக வைத்து வைத்துப் பார்த்து, "இன்னும் தகுந்த சந்தர்ப்பம் வரவில்லை" என்று தள்ளிப்போட்டவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது, பழத்தின் ஜீவன் போய்ப் புளிப்பு மட்டும் மிஞ்சிய பழுப்பு நீர்தான்.

இனி, அத்தகைய புட்டியைத் திறக்கும் முறையைச் சொல்லுகிறேன். ஏனென்றால், திறப்பதிலேயே பாதி ரசனை அடங்கியிருக்கிறது. நிலவறையில் தக்கை நனைந்திருக்கும்படி படுக்கவைத்திருந்த புட்டியை, ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னதாகவே எடுத்து நிமிர்த்தி வைக்கவேண்டும். வருஷக்கணக்காக ஒரு பக்கத்தில் படிந்திருந்த வண்டல் அப்பொழுதுதான் வழுக்கி அடியில் போய்ச் சேரும். குறித்த வேளை வந்ததும், புட்டியின் கழுத்தைச் சுற்றியுள்ள தகட்டை, வாய் விளிம்புக்குச் சற்றுக் கீழே கத்தியால் வட்டமாக அறுத்து நீக்கினால், தக்கையின் தலையில் கறுத்த பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் காணலாம். புதியவர்கள் இதைக் கண்டு அஞ்சுவார்கள்; ஈரமான நிலவறையில் நன்றாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. சுத்தமான துணியால் அதைத் துடைத்துவிட்டு, தக்கையின் நட்டநடுவில் திருகாணியின் முனையை ஊன்றி, புட்டி அசையாதபடி, நிதானமாகத் திருகவேண்டும்.

அந்தத் தக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கார்க் ஓக் என்னும் மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகல் தேசத்திலிருந்து வருகிறது. நட்டு இருபத்தைந்து ஆண்டு ஆன பின்பே முதன்முறை பட்டையை உரிப்பார்கள். அதற்குப்பின் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. முதல் இரண்டு உரிப்பும் புட்டி மூட உதவா. மூன்றாம் உரிப்பே உதவும். மரத்தை நட்டவன் அதன் முதல் நல்ல தக்கையைக் காண்பதற்குள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். முதிர்ந்த தக்கை பொடிந்துபோகும் இயல்புடையதாகையால், திருகாணிக்கு இடங்கொடாதபோது, இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே செருகி, திருகித் திருகி மேலே இழுக்கும் கருவியை அனுபவசாலிகள் பயன்படுத்துவார்கள். வெளிவந்த தக்கையின் உட்புறம் ஒயினில் தோய்ந்து கருஞ்சிவப்பாயிருக்கும். அந்தக் கறை பக்கவாட்டில் மேல்நுனி வரை ஏறியிருந்தால் ஒயின் கசிந்திருக்கிறது, காற்றும் புகுந்திருக்கலாம் என்று அறிந்துகொள்ளலாம். நனைந்து மக்கிய காகிதத்தின் முடைநாற்றம் ஒயினில் வீசினால், தக்கையில் உண்டாகும் ஒரு ரசாயனப் பொருள் அதைக் கெடுத்துவிட்டது என்று பொருள். ஒரு லட்சங்கோடியில் சில பங்கு கலந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அதற்கு மாற்று மருந்து இல்லை.

குறையொன்றும் இல்லையெனில், அடுத்தது வண்டலைப் பிரிப்பது. மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, புட்டியின் கழுத்து அந்தச் சுடருக்கு மேலே வரும்படி பிடித்து, அகன்ற கண்ணாடிக் கூஜாவுக்குள் ஒரே சீராக ஊற்றவேண்டும். நடுவில் நிறுத்தினால் வண்டல் கலங்கிவிடும். முதலில் தெளிந்த சிவப்பு, தடையின்றி ஒளியை ஊடுருவவிட்டு ஓடும். புட்டி காலியாகும் தறுவாயில், தோள்பகுதியில் மெல்லிய புகைபோன்ற கரிய இழை ஒன்று நெளிந்து கழுத்தை நோக்கி ஊர்ந்து வருவதைச் சுடரின் வெளிச்சத்தில் காணலாம். அந்தக் கணத்திலேயே கையை நிமிர்த்திவிடவேண்டும். எத்தனை நேரம் முன்னதாக இதைச் செய்வது என்பதில் வல்லுநர்களிடையே வாதம் உண்டு. போர்தோவில் ஒயின் செய்யும் முறையையே இருபதாம் நூற்றாண்டில் திருத்தி அமைத்த எமில் பெய்னோ, வண்டல் உள்ள ஒயினை மட்டும், அதுவும் பரிமாறுவதற்குச் சற்று முன்னதாகவே இப்படி ஊற்றவேண்டும், நெடுநேரம் காற்றாடவிட்டால் மணம் மழுங்கிவிடும் என்று உபதேசித்தார். முதிர்ந்த ஒயினைப் பொறுத்தமட்டில் அவர் கட்சியே என் கட்சியும். வெகுகாலம் காத்திருந்த பரிமளம் முதற்கணத்தில் எழும்பொழுது மேசையைச் சுற்றி ஆட்கள் இருக்கவேண்டுமேயன்றி, யாருமில்லாத அறையில் அது கலைந்துபோகலாகாது.

அகன்ற கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், வெள்ளைத் துணியின்மேல் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், நடுவில் கருமாணிக்கமாயிருப்பது விளிம்பில் செங்கல் நிறமாக மெலிவது தெரியும்; அந்த விளிம்பின் அகலமே வயதைச் சொல்லிவிடும். பிறகு மூக்கு, அதன் பின்பே நாக்கு. முதல் மிடறை உடனே விழுங்காமல் வாய் முழுவதும் பரவவிட்டால், முதலில் பழத்தின் இனிமை, உடனே புளிப்பின் துடிப்பு, அதன்மேல் பட்டுப்போன்று படியும் துவர்ப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்; விழுங்கிய பிறகும் வெகுநேரம் அந்தச் சுவை தங்கியிருக்கும். உயர்ந்த ஒயினை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தத் தங்கும் குணமே. அரைமணி கழித்து அதே கிண்ணத்தை முகர்ந்தால் வேறொரு மணம். ஒருமணி கழித்து மற்றொன்று. இவ்வாறு மாறுவதைக் கவனிக்க அவசரமில்லாத மாலையும், உடன் கவனிக்க நாலைந்து மனிதர்களும் வேண்டும். ஒரு புட்டியில் ஆறு கிண்ணம் தேறும். தனியே ஒருவர் குடித்துத் தீர்ப்பதற்கு அதைச் செய்தவர்கள் அதைச் செய்யவில்லை.

இந்த அனுபவத்துக்கு இடமே கொடாமல், புட்டி கைமாறிக் கைமாறி விலை ஏறும் பண்டமாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இருபது ஆண்டுச் சரித்திரம் பிரத்தியட்சச் சான்று. 2008-ஆம் ஆண்டு நியூயார்க் ஏலமொன்றில், பர்கண்டியின் போன்சோ குடும்பத்தார் தயாரித்த குளோ-சேன்-தெனி ஒயின் என்று சொல்லி 1945-ஆம் ஆண்டிட்ட புட்டியும் விலைகூற வந்தது. அந்தக் குடும்பத்தாரோ அந்தப் பெயரில் ஒயின் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான். லோராங் போன்சோ தாமே கடல்கடந்து வந்து ஆட்சேபித்து அந்த விற்பனையை நிறுத்தினார். புட்டிகளை ஏலத்துக்கு அனுப்பிய ரூடி குர்னியவான் என்பவரின் வீட்டை 2012-இல் அதிகாரிகள் சோதனையிட்டபோது, போலிச் சீட்டுகளும் தக்கைகளும் பழம்புட்டிகளும் குவியலாகக் கிடைத்தன. 2013-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு பத்து வருஷச் சிறைவாசம் பெற்றார். மோசடி இத்தனை காலம் எப்படி நடந்தது? வாங்கியவர்களிற் பலர் திறக்கவேயில்லை. சீட்டையும் தக்கையையும் கண் நம்பிவிடும். உண்மையை உரைத்துப் பார்க்கும் கல் நாக்கு ஒன்றே. அந்த நாக்குக்கு வேலையில்லாத சந்தையில் பொய்யும் மெய்யும் ஒரே விலைக்குப் போகும்.

இதற்கும் முந்திய ஒரு சம்பவம் உண்டு. 1985-ஆம் ஆண்டு லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில், அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனுக்கு உரியதென்று கூறப்பட்ட 1787-ஆம் ஆண்டு லபீத் புட்டி ஒன்றை, போர்ப்ஸ் குடும்பத்தார் 1,05,000 பவுன் கொடுத்து வாங்கினார்கள். அவர்களுடைய காட்சிசாலையில் விளக்கொளியின்கீழ் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அந்தப் புட்டியின் தக்கை, வெப்பத்தில் உலர்ந்து, கழுத்தைவிட்டு நழுவி உள்ளே விழுந்துவிட்டது. அது உண்மையிலேயே ஜெபர்சனுடையதுதானா என்பதிலேயே பின்னால் கடுமையான சந்தேகங்கள் எழுந்தன. உண்மையோ பொய்யோ, ஒருவர் நாவிலும் ஒரு துளி படாமல் அந்தப் புட்டியின் கதை முடிந்தது.

விலை ஏறுவதால்தான் தோட்டக்காரனுக்குப் பணம் வருகிறது, அதனால்தான் அவன் உயர்ந்த ஒயினைச் செய்ய முடிகிறது என்று வியாபாரிகள் சொல்வார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. போர்தோவில் ஒயின் பீப்பாயில் இருக்கும்பொழுதே, அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், முன்பணம் வாங்கி விற்கும் வழக்கத்தால் தோட்டங்கள் கஷ்டகாலத்தைக் கடந்திருக்கின்றன. ஆனால் ஏலத்தில் ஏறும் லாபம் பெரும்பாலும் இடையில் வைத்திருந்தவனுக்கே போகிறது. கொடியை வெட்டிப் பராமரித்தவனுக்குப் போவதில்லை. அவன் விரும்பும் கூலி வேறொன்றும் உண்டு: தான் செய்ததை யாரோ ஒருவர் அறிந்து அருந்தினார் என்னும் திருப்தி.

மதுவைப் பற்றி இவ்வளவு பரிவோடு எழுதலாமா என்று கேட்கும் வாசகர்களும் இருப்பார்கள். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த மொழியில் அக்கேள்வி நியாயமானதே. சாராயம் புற்றுநோய்க்குக் காரணமாவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று கிடையாதென உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் அறிவித்தது. இதை நான் மறைக்கவோ மழுப்பவோ விரும்பவில்லை. பழகாதவர் இதற்காகப் பழகிக்கொள்ள வேண்டியதில்லை. நிறுத்தியவர் மீண்டும் தொடவும் வேண்டாம். ஆனால் வறுமையையும் மனமுறிவையும் மறக்கக் குடிக்கும் குடியும், அருமையான ஒரு புட்டியை ஆறு பேர் ஒரு மாலை முழுவதும் வைத்து ருசிப்பதும் ஒரே காரியமல்ல என்பதை நம்முடைய பழைய இலக்கியமே அறிந்திருந்தது. யவனர் கப்பலில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் அருந்தி இனிது வாழவேண்டுமென்று நக்கீரர் வாழ்த்தும் பாடல் புறநானூற்றில் உண்டு. மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தி, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த ஓடுகளை எடுத்தது, ரொமானே-கொந்தியின் பழங்கொடிகள் கடைசியாகக் காய்த்த அதே 1945-ஆம் ஆண்டில். கடல்கடந்து வந்த அந்தச் சரக்கு விலை ஏறட்டும் என்று வைத்துக் காக்கப்பட்டதாகப் பாட்டில் சொல்லவில்லை, அருந்தப்பட்டதாகவே சொல்கிறது.

லட்சக்கணக்கான டாலர் பெறும் புட்டிகள் நம்மில் யாரிடமும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்பாகவோ, குழந்தை பிறந்த வருஷத்தின் நினைவாகவோ, காலஞ்சென்ற ஒருவர் கையால் கொடுத்ததாகவோ, ஒரு புட்டியைப் பல ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருப்பவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். இவர்களுடைய தயக்கத்துக்குப் பணம் காரணமன்று. அந்தப் புட்டிக்கு ஈடான நாள் ஒன்று வரவேண்டும் என்னும் எண்ணமே காரணம். இந்தத் தயக்கத்தை நன்கு அறிந்த வால்ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையின் ஒயின் எழுத்தாளர் தம்பதியர் டாரத்தி கெய்டரும் ஜான் பிரெச்சரும், 1999-ஆம் ஆண்டில், எல்லாரும் தத்தம் புட்டியைத் திறக்க ஓர் இரவைக் குறித்தார்கள். பின்னர் அது பிப்ரவரி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை என்று நிலைபெற்றது. வேறு காரணம் எதுவும் தேவையில்லை. புட்டியைத் திறப்பதே அன்றைய விசேஷம். எளிய யோசனைதான், ஆனால் மனித சுபாவத்தை அறிந்த யோசனை. ஈடான நாள் தானாக வருவதில்லை. நாம் ஒரு நாளைக் குறித்தால் அதுவே ஈடான நாளாகிறது.

ஆகையால் அத்தகைய புட்டி ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அதைக் கொடுத்தவர் உயிரோடிருந்தால் அவரையே அழையுங்கள். இல்லையேல் அவரை அறிந்தவர்களை அழையுங்கள். ஒரு நாள் முன்னதாகவே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். ஒயின் கெட்டிருந்தால் வருந்தாதீர்கள், வந்தவர்களோடு அந்த மாலை உங்களுக்கு மிஞ்சும்; நன்றாயிருந்தால் அன்றைக்கே அதைக் கடைசித் துளி வரையில் பகிர்ந்துகொள்ளுங்கள். விற்கவேண்டுமென்று வைத்திருக்கும் செல்வர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: செய்தவன் எதற்காகச் செய்தானோ அந்தக் காரியத்துக்கு ஒரு பொருளைப் பயன்படுத்துவதே அதற்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, அதைவிடப் பெரிய மரியாதை எந்த ஏலக்கூடத்திலும் விலைக்குக் கிடைக்காது.